என் விரல், உன் முடி

பிப்ரவரி 9

வாலுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், தொண்டையைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? அடுப்புச் சூட்டில் முகம் கருகாமல் இருக்கிறதா?

மூன்று மாதமாக வீடியோவில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கடைசியில், "கேமரா கெட்டுப் போச்சு, இனிமே கடிதம் எழுதலாம், நல்லா இருக்கும்" என்று ஒரு செய்தி. சரி. உன்னைவிட ஒன்றரை மாதம் மூத்தவள் நான். பெரியவர்கள்தானே விட்டுக்கொடுக்க வேண்டும்.

என் வேலை அப்படியேதான் போகிறது. பஞ்சு ஒட்டிய நான்கு சுவருக்குள் உட்கார்ந்து, கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகம் படித்துப் பதிவு செய்கிறேன். இப்போது கப்பல்களைப் பற்றிய ஒரு தடித்த நாவல். நேற்று நாயகன் புயலில் மூழ்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரர் நிறுத்தினார்: "மேடம், உங்க வயிறு கத்துது. சாப்டுட்டு வாங்க, அவன் அப்புறமா சாகட்டும்." நேற்று என்னிடம் ஒரு மனிதர் பேசியது அவ்வளவுதான்.

உன் அம்மா போன் செய்தார். "உன் தங்கச்சி வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. மூஞ்சியக் காட்டுடின்னா நெட்டு இல்லங்கிறா. ஊரு உலகத்துக்கெல்லாம் இருக்கிற நெட்டு இவளுக்கு மட்டும் இல்லையாம்." சித்தியிடம் உனக்காகத்தான் பரிந்து பேசினேன். என்ன விஷயத்துக்குப் பரிந்து பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா

மார்ச் 2

ஒன்றரை மாதக் கிழவிக்கு,

இங்கே எல்லாம் நலம். உன் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை வழக்கம்போலத் தேநீரை வெந்நீர் என்று சொல்லிக்கொள்கிறாயா?

பேக்கரி உனக்குப் பிடிக்கும். விடிவதற்கு முன்பே மாவு பிசைய ஆரம்பித்துவிடுவோம். மதியத்துக்குள் என் வேலை முடிந்துவிடும். கையுறையும் தொப்பியும் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. முதலாளி அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மேஜர். ஒரு முடி வெளியே தெரிந்தாலும் கத்துவார். எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் அது. நான் வீட்டுக்குப் போகும்போதும் தொப்பியைக் கழற்றுவதில்லை. அடுப்பைக் கவனிக்கும் அண்ணன் கேட்கிறார்: "ஏம்மா, கல்யாணத்தன்னைக்கும் இதோடதான் நிக்கப் போறியா?"

ஒரு செய்தி. மாவு பிசைய மெஷின் வரப் போகிறதாம். மேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உனக்கு வாய் நல்லா இருக்கு. கவுண்டர்ல நில்லு. சம்பளமும் கூட. தொப்பி வேணாம், தலைய அழகா வாரிட்டு பளிச்சுனு வா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நீ படிக்கும் நாவலில் அவன் செத்தானா? பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்.

வாலு

மார்ச் 10

அடி வாலு,

தொண்டை தேறிவிட்டது. நீயும் தேறிவிடு, ஏனென்றால் உனக்குத்தான் மூளை சரியில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து வாயை மூடாதவள் நீ. உன்னைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் மாவோடு பேச வைத்திருக்கிறார்கள். கவுண்டருக்குப் போ!

இன்னொன்று. டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலையில் உன் வாசலில் நிற்பேன். தரையில் ஒரு பாய் போதும். வந்ததும் முதல் வேலையாக உன் தலையை அவிழ்த்துப் போட்டு, பள்ளிக்கூட நாட்களில் பின்னுவோமே, அப்படிப் பின்னிவிடப் போகிறேன். கவுண்டருக்கு அழகாகப் போக வேண்டாமா?

உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் லிப்ட் கதவு திறந்ததும் அதைப் பார்த்து "நன்றி" என்றேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

உனக்கு என்ன வாங்கி வரட்டும்?

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

வராதே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. உன்மேல் கோபமில்லை. காரணத்தைச் சொல்லாவிட்டால் நீ எப்படியும் வருவாய். அதனால் சொல்கிறேன்.

என் தலையில் பின்னுவதற்கு முடி இல்லை. உச்சியிலும் இடது காதுக்கு மேலேயும் வெறும் தோல். நோய் இல்லை. நானே பிடுங்குகிறேன்.

பள்ளிக் கடைசி வருடம் காதுக்குப் பின்னால் ஒரு வட்டம் விழுந்ததே, புழுவெட்டு என்று எல்லாரும் சொன்னீர்களே, அதுவும் நான்தான். அம்மா எதையெதையோ அரைத்துத் தினமும் அந்த இடத்தில் தேய்த்தார். நான் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தேன். எரிந்தது. எரியட்டும் என்று இருந்தேன்.

எப்படி என்று கேட்பாய். மதியம் அறைக்கு வந்து ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்காருவேன். புத்தகம் மடியில் இருக்கும். கை எப்போது மேலே போனது என்று தெரியாது. விரல்கள் தேடும். எல்லா முடியும் வேண்டாம் அவற்றுக்கு. கொஞ்சம் முரடாக, நெளிந்து, மற்றவற்றோடு சேராமல் நிற்குமே, அதுதான் வேண்டும். அது கிடைத்து, வந்துவிட்டால், உள்ளே ஏதோ ஒன்று சட்டென்று அடங்கும். வலிக்காது. அந்த அமைதி ஒரு நொடிதான். பிறகு மறுபடி தேடும். நிமிர்ந்து பார்த்தால் வெயில் சுவரின் அந்தப் பக்கம் போயிருக்கும், புத்தகத்தின் பக்கம் மட்டும் திருப்பப்படாமல் இருக்கும்.

மாவு பிசையும்போது வராது. கைக்கு வேலை இருக்கிறது. கேமரா கெடவில்லை.

இதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே. இல்லை, கேள். எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

வாலு

மார்ச் 24

என் வாலுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? டிக்கெட்டைத் திருப்பிவிட்டேன். சித்தியிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். மனசு வைத்தால் விட்டுவிடலாம் இல்லையா? நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேனே, கல்லூரியில் விடவில்லையா? அவ்வளவு அடர்த்தியான முடி உனக்கு. கை மேலே போகும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொள். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

கவுண்டர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அதற்கு ஒரு வழி எனக்குத் தோன்றியிருக்கிறது. என்ன என்று இப்போது கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். நீயும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஏறிவிட்டது.

நீ சொன்னபடி உன்னை நினைத்துக்கொண்டேன். இப்போது உன்னை நினைத்தாலே கை ஞாபகம் வருகிறது. அந்த வழி சரிப்படவில்லை.

தோல் டாக்டரிடம் போனேன். அவர் விளக்கைத் தலைமேல் பிடித்து, "என்னம்மா, சின்னப் புள்ளையா நீ? கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே" என்றார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மனசு வைக்காமல் இருக்கிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் வைக்கிறேன், அக்கா. மனசு ஒரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கை அதன் பாட்டுக்குப் போகிறது.

ஜூன் கடைசியில் மெஷின் வருகிறது. அதற்குள் கவுண்டருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். தொப்பி போட்டு வேலை செய்யும் இடம் இந்த ஊரில் வேறு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

வாலு

மே 18

அன்பு வாலுக்கு,

நலம்தானே? நான் மிகவும் நலம். இந்தக் கோடையில் கழுத்துக்குக் காற்று நன்றாக வருகிறது.

பார்சலைப் பயப்படாமல் பிரி. உள்ளே இருப்பது விக். அசல் முடி. இங்கே நாடகக்காரர்களுக்குச் செய்து கொடுக்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு இழையாகக் கோத்தது. "யாருக்கும்மா?" என்றார். தங்கச்சிக்கு என்றேன். "உடம்பு முடியாத பொண்ணா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு. அளவுக்கு என் தலையையே கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து நம் இருவருக்கும் ஒரே அளவுத் தொப்பிதானே வாங்கினார்கள்.

இதை வைத்துக்கொண்டு ராணி மாதிரி கவுண்டரில் நில். மேஜர் வாயைப் பிளக்கட்டும். எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

உன் அக்கா

ஜூன் 12

வாலுக்கு,

சுகமா? பார்சலை நீ கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தபாலில் சொல்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறதா? உச்சியில் இறுக்கமாக இருந்தால் உள்ளே சின்னக் கொக்கி இருக்கும், தளர்த்திக்கொள்.

கப்பல் நாவல் முடிந்துவிட்டது. அவன் சாகவில்லை. ஒரு தீவில் ஒதுங்கிவிட்டான். கடைசி அத்தியாயத்தில் அவனைத் தேடி யாரும் வரவில்லை, அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தைப் படித்தபோது ஒலிப்பதிவுக்காரர், "மேடம், குரல் கீழ போயிருச்சு, மறுபடி" என்றார். நான்கு முறை படித்தேன். நான்கிலும் கீழேதான் போனது.

ஒரு வரி போடு, போதும்.

அக்கா

ஜூலை 3

வாலு,

நலமாக இருக்கிறாயா? சித்தியைக் கேட்டேன். வாரம் ஒரு முறை போனில் பேசுவதாகச் சொன்னார். அதனால் நலம் என்று தெரியும்.

நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன். எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அக்கா

ஜூலை 11

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் பார்சல் வந்த மறுநாள் அதை வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். மேஜர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "அடிப்பாவி, இத வச்சுக்கிட்டா இத்தன நாளா தொப்பிக்குள்ள ஒளிஞ்சிருந்த?" என்றார். அடுப்பு அண்ணன் தட்டைக் கீழே போட்டார். அன்று நான் எல்லாரோடும் பேசினேன், அக்கா. காரணமே இல்லாமல் சிரித்தேன். ஒரு குழந்தைக்குக் காசு வாங்காமல் ஒரு பன் கொடுத்தேன்.

மதியம் அறைக்கு வந்து, விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தேன். உச்சிப் பக்கம் விரல் ஒரு இடத்தில் நின்றது. முரடாக, நெளிந்து, மற்றவற்றோடு சேராமல். அப்புறம் இன்னொன்று. உன் உச்சியில் மட்டும் முளைக்குமே, எண்ணெய் வைத்தாலும் படியாதே, "என் கொம்பு" என்பாயே. கண்ணால் பார்த்து நான் கண்டுபிடிக்கவில்லை. விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.

உன் முடி என்று தெரிந்த பிறகும் நிற்கவில்லை. அதைத்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை. தெரிந்தே பிடுங்கினேன். மறுநாளும். அந்த வாரம் முழுவதும். இப்போது உச்சியில் வலை தெரிகிறது. பெரியவர் கோத்த வலை.

என் தலையையாவது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் இடுப்பு வரைக்கும் இருந்த முடியை நீ வெட்டினாய். எனக்குத் தெரியக் கூடாது என்று காற்று வருகிறது என்று எழுதினாய். நான் அதை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தீர்த்துவிட்டேன்.

கவுண்டருக்கு மறுபடி போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்கட்டிலேயே இருக்கிறேன். மெஷின் இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கிறது.

உன் தலை இப்போது எப்படி இருக்கிறது?

வாலு

ஜூலை 19

என் வாலுக்கு,

நான் நலம். என் தலையும் நலம். ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறேன். முதல் நாள் ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "தம்பி, இங்க மேடம் வருவாங்க, வெளிய உக்காருங்க" என்றார். பாதி சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாதி அழுதேன். அது வளர்ந்துவிடும். அதை நினைத்து ஒரு நாளும் வருந்தாதே.

உன்னிடம் கோபப்பட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க முயன்றேன். கோபம் வந்தது, ஆனால் உன்மேல் நிற்கவில்லை. நீ உன் தலையைக் காட்டினாய். நான் அதை மூட ஒரு மூடி செய்து அனுப்பினேன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி கேட்கவில்லை. உனக்காக வெட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி எனக்காகத்தான். இந்த ஊரில் எனக்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. எங்கோ ஒருத்தி தினமும் காலையில் தலையில் கை வைக்கும்போது என்னை நினைப்பாள் என்று ஒரு ஆசை.

இங்கே ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. இதற்குப் பெயர் இருக்கிறது, வாலு. நிறையப் பேருக்கு இருக்கிறது, ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். பிடிவாதமும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. சித்தி வளர்த்ததில் தவறும் இல்லை. இதில் பழகிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம், கூடலாம், மறுபடி குறையலாம் என்றார். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "காவல்காரி ஆயிடாதீங்க. அவங்களக் கேளுங்க" என்றார். அவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மணி நேரம் பேருந்தில் போனேன்.

அதனால் கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்? ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் எழுது. நீ கேட்காமல் இனி எதுவும் அனுப்ப மாட்டேன், அறிவுரை உள்பட.

உன் அக்கா

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நேற்றும் பிடுங்கினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படித்துவிட்டு நீ ஏமாறக் கூடாது. மற்றபடி உடம்பு நலம். உன் முடி காதைத் தொட்டுவிட்டதா?

மெஷின் வந்த அன்று மேஜர் என்னைக் கூப்பிட்டு, கவுண்டரா, கணக்கை முடித்துக்கொள்கிறாயா என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினேன். அன்று அவர் பார்த்தது விக் என்றேன்.

"யாரு செஞ்சா இத?"

"நானேதான். கை தானாப் போகுதும்மா."

"வலிக்காது?"

"இல்ல."

மேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல பல்லக் கடிப்பாரு. பாதிப் பல்லு தேஞ்சே போச்சு. சொன்னா நிக்குதா?" என்றார். உடனே பழைய மேஜர் ஆகிவிட்டார். "சரி சரி, தொப்பியப் போடு. பன் உருட்ட மெஷின் வரல, அங்க போய் நில்லு. எவனாவது ரொட்டில முடி இருக்குன்னு வந்தான், மொதல்ல உன்னத்தான் கூப்பிடுவேன்."

அவ்வளவுதான், அக்கா. பத்து வருடம் நான் பயந்தது இதற்குத்தான்.

இங்கேயும் ஒரு ஆலோசகரைக் கண்டுபிடித்துப் போகிறேன். நடுவில் ஒரு தடவை போகாமல் இருந்துவிட்டேன், பிறகு போனேன். அவர் தலையைப் பார்க்கவே இல்லை. எப்போது, எந்த நாற்காலியில், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நினைத்தாய் என்று கேட்கிறார். யோசித்துப் பார்த்தால், ஒரு ஆள் கூட இருக்கும்போது எனக்கு இது வந்ததே இல்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும்போது குளியலறையில். இங்கே, இந்த அறையில். தனியாக இருப்பதால் பிடுங்குகிறேனா, பிடுங்குவதற்காகத் தனியாக வந்துவிட்டேனா, இன்னும் தெரியவில்லை.

என்ன செய்யட்டும் என்று நீ கேட்டாய். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதுவரை அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் அப்போது என்னிடம் பதில் தயாராக இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

வா. எப்போது முடியுமோ அப்போது. மதிய நேரத்தில் எனக்கு எதிரே உட்கார். உன் புத்தகத்தை நீ படி, எனக்காகச் சத்தமாகப் படிக்க வேண்டாம். என் கை மேலே போனால் "எடு" என்று சொல்லாதே, தட்டிவிடாதே, பரிதாபமாகப் பார்க்காதே. நான் வெட்கப்படுவேன் என்று நினைத்து எழுந்து வெளியேயும் போய்விடாதே.

நீ இருந்தால் அது வராமலும் போகலாம். வந்தாலும் இரு.

உன் தங்கை